முப்பத்தெட்டு விநாடி ஏழுமலை

செல்போன் ரிப்பேர் கடையில் உடைந்த போனோடு வருகிறவர்கள் சத்தம் போடுவார்கள். உடையாத போனோடு வருகிறவர்கள்தான் மெதுவாகப் பேசுவார்கள்.

உடையாத போன் என்றால், வைத்திருந்தவர் போய்விட்டார், போன் மட்டும் இருக்கிறது என்று அர்த்தம். உத்திரமேரூர் பஸ் நிலையத்துக்குப் பின்னால் என் கடை. படித்தது எட்டாவது. மற்றதெல்லாம் ஸ்க்ரூ டிரைவர் சொல்லிக்கொடுத்தது. ஆளைப் பார்த்துப் பேசக் கூச்சம் என்பதால் போனைப் பார்த்துப் பேசியே பழகிவிட்டேன். இறந்தவர்களின் போன்களை மட்டும் ஒரு நோட்டில் தனியாக எழுதி வருகிறேன். இன்றோடு ஐம்பத்தேழு. உங்கள் வீட்டு பீரோவிலும் துணிகளுக்கு அடியில் அப்படி ஒன்று இருக்கலாம். அவ்வப்போது சார்ஜ் போட்டு எடுத்து வைப்பீர்கள். எதற்கு என்று யாராவது கேட்டால் பேச்சை மாற்றுவீர்கள். ஆகவே உங்களுக்கு நான் அதிகம் விளக்க வேண்டியதில்லை.

பதினேழாவது போன்

கஸ்தூரி மானாம்பதியிலிருந்து வந்தார். கழனி வேலைக்குப் போகிறவர். அவருடைய கணவர் ஏழுமலை அந்தப் பக்கத்தில் டிராக்டர் ஓட்டியவர். உழுதுகொண்டிருக்கும்போதே நெஞ்சு வலி வந்து போய்விட்டார். காரியம் முடிந்து நான்கு நாள் ஆகியிருந்தது. போனை முந்தானையிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்து, "லாக்க எடுத்துக் குடுங்க சார்" என்றார். உள்ளே என்ன இருக்கிறது, எது வேண்டும் என்று நான் கேட்டிருக்க வேண்டும். புதிதாகத் தாலி இழந்த பெண்ணிடம் அதையெல்லாம் கேட்கக் கூச்சமாக இருந்தது. கணவர் திரையில் எப்படிக் கோடு இழுப்பார் என்று மட்டும் கேட்டேன். "மேலருந்து கீய வந்து ஒரு வளைவு வளைப்பாரு" என்றார். ஒருமுறை போட்டதை மறுமுறை போடக்கூடாது என்பதற்காக ஒவ்வொன்றையும் நோட்டில் ஒன்பது புள்ளி வைத்து வரைந்துகொண்டே பதினோரு வளைவு போட்டுப் பார்த்தேன். திறக்கவில்லை. அவருக்கோ ஐந்து மணி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். சொன்ன வேலையைச் சொன்னபடி முடித்துத் தருகிறவன் நான். இரண்டு பட்டனைச் சேர்த்து அழுத்தி, மொத்தமாகத் துடைத்து, லாக்கை எடுத்துவிட்டேன். கண்ணாடியையும் துணியால் துடைத்துத் திருப்தியாகக் கொடுத்தேன்.

அவர் அதைத் திறந்தார், இதைத் திறந்தார். எதிலும் ஒன்றும் இல்லை. "அவரு பேசி அனுப்பனதெல்லாம் எதுல சார் கீது?" என்று கேட்டார். ஏழுமலைக்கு எழுத வராது. யாருக்கு என்ன சொல்வதானாலும் வாயால் பேசித்தான் அனுப்புவார். கஸ்தூரியிடம் இருந்தது பட்டன் போன். அதில் இந்த வசதி கிடையாது. அப்படியானால் அவர் பேசியது முழுவதும் இந்த ஒரு போனில்தான் இருந்தது. "மூஞ்சி போட்டோல கீது சார், மாட்டி வச்சிக்கீறோம். கொரலுதான் நாளுக்கு நாளு கொறைஞ்சிக்கினே போவுது. அதுக்குத்தான் எடுத்தாந்தேன்" என்றார். நான் நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். போனை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "பளிச்சுனு கீது சார். அவரு எங்க?"

அட்டை

மறுநாளே ஓர் அட்டையில், "போன் வேண்டுமா? உள்ளே இருப்பது வேண்டுமா?" என்று கறுப்பு மையில் எழுதி மேசைமேல் நிற்க வைத்தேன். எழுதி வைத்துவிட்டால் வாயால் கேட்க வேண்டியதில்லை. அதை முதலில் படித்தவர் முப்பது வயதுக்காரர். பைக்கை நிறுத்தாமலே காலை ஊன்றிக்கொண்டு, "உள்ள கீறதுதான் சார். கைரேகை லாக்கு. நைனா வூட்ல ஐஸ் பெட்டியில கீறாரு. மூணு மணிக்கு எடுக்கறோம். போன எடுத்துக்கினு போயி வெரல வச்சா தொறக்குமா?" என்றார். சூடு போன விரலுக்குத் திறக்காது என்று கேள்விப்பட்டிருக்கிறேன்; செய்து பார்த்ததில்லை, பார்க்கவும் மாட்டேன் என்றேன். பிறகு, உள்ளே எதைத் தேடுகிறீர்கள் என்று கேட்டேன். அவர் சொன்னது நியாயமான தேவை. அப்பாவின் சிநேகிதர்கள் நம்பர் முழுவதும் அதில்தான் இருக்கிறது. லாரி ஷெட்டில் இருந்தவர்கள், கூட வேலை செய்தவர்கள். ஒருவருக்கும் தகவல் போகவில்லை.

லாக் போட்ட போனிலிருந்து நாம் கூப்பிட முடியாது. வருகிற அழைப்பை எடுக்கலாம். அதைச் சொல்லி, சார்ஜ் ஏற்றி, சத்தத்தை முழுவதும் கூட்டிக் கொடுத்தேன். ஐஸ் பெட்டி பக்கத்திலேயே வையுங்கள், யார் கூப்பிட்டாலும் எடுத்துச் சொல்லுங்கள் என்றேன். ஒரு வாரம் கழித்து வந்தார். மூன்று மணிக்குள் பதினோரு பேர் கூப்பிட்டார்களாம்; ஆறு பேர் நேரே மயானத்துக்கு வந்து சேர்ந்தார்களாம். நல்லதாகப் போயிற்று என்றேன். அவர் தலையாட்டிவிட்டுச் சொன்னார்: "பதினோராவது ஆளு, 'இன்னாடா, எத்தினி வாட்டி அடிக்கறது, எடுக்க மாட்டியா'ன்னு திட்டிக்கினே ஆரம்பிச்சாரு சார். அவருக்குச் சொல்றதுதான் பேஜாராப் பூடுச்சி."

கேஸ் வாங்கித் தருகிறவர்

சரோஜா அம்மாள் அட்டையை எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு, "ரெண்டும் வேணாம் சார். மெசேஜ் வந்தா 'டிங்'குனு ஒரு சத்தம் வரும். அது மட்டும் வரணும்" என்றார். கணவர் இறந்து ஒன்றரை வருஷம். கேஸ் இணைப்பு அவர் நம்பரில் இருக்கிறது. சிலிண்டர் கொண்டு வருகிறவர் வாசலில் நின்று நம்பர் கேட்பார். அந்த நம்பர் இறந்தவர் போனுக்குத்தான் வரும். ஸ்பீக்கர் போய்விட்டதால் மெசேஜ் வந்ததே தெரியாமல், போன தடவை சிலிண்டர் திரும்பிப் போயிருக்கிறது.

ஸ்பீக்கரை மாற்றினேன். இறப்புச் சான்றிதழோடு ஒரு மனு கொடுத்தால் இணைப்பை உங்கள் பெயருக்கே மாற்றிக்கொள்ளலாமே, இந்தத் தொல்லை இருக்காதே என்றும் சொன்னேன். தெரிந்ததைச் சொல்லாமல் விட எனக்கு மனம் வராது. அவர் போனைக் காதருகே வைத்து அந்த 'டிங்'கை இரண்டு முறை கேட்டார். பிறகு சொன்னார்: "அடுப்பாண்ட எட்டிப் பாக்காத மனுஷன் சார். இப்ப வேளா வேளைக்கு அவருதான் கேஸு வாங்கித் தராரு. அத்த ஏன் நான் மாத்தணும்?"

ஆள் இல்லாத குரூப்

கஸ்தூரி மூன்று மாதம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை மறுபடி வந்தார். நான் எதிர்பார்த்தபடி சண்டைக்கு இல்லை. சார்ஜர் முனை வளைந்துவிட்டது, அதற்காக. ஒன்றுமில்லாத போனுக்கு எதற்குச் சார்ஜர் என்று நான் கேட்கவில்லை. நீங்களும் கேட்டிருக்க மாட்டீர்கள். "அவரோட சிம்மு இருக்காம்மா?" என்று கேட்டேன். சின்ன மஞ்சள் டப்பாவில் போட்டுக் கையோடு வைத்திருந்தார். இந்த மூன்று மாதமும் இதைப் பற்றியே யோசித்து, நாலு பேரைக் கேட்டு, செய்ய வேண்டியதை வரிசையாக எழுதி வைத்திருந்தேன். சிம்மைப் போட்டு, அவர் மெசேஜ் அனுப்பும் அந்த ஆப்பை மறுபடி ஏற்றினேன். பழைய பேச்சை எங்கேயாவது சேர்த்து வைத்திருந்தால் திரும்பி வரும். சேர்த்து வைக்கவில்லை என்று காட்டியது.

ஆனால் ஒன்று வந்தது. ஒரு குரூப்பின் பெயர். ஏரி மதகுப் பக்கம் உழவு ஓட்டும் டிராக்டர்காரர்களும் கழனிக்காரர்களும் சேர்ந்து வைத்திருந்தது. உள்ளே ஒரு பேச்சும் இல்லை. ஆட்களின் பட்டியல் மட்டும் அப்படியே இருந்தது. ஏழுமலையைத் தவிர முப்பத்தொரு பேர். அப்போதுதான் எனக்குப் புத்தியில் உறைத்தது. கடிதம் எழுதியவர் வீட்டில் தேடிக்கொண்டிருக்கிறேன்; கடிதம் போய்ச் சேர்ந்த வீடுகள் முப்பத்தொன்று இருக்கின்றன. இதைக் கஸ்தூரிக்கு எப்படிச் சொல்வதென்று தெரியாமல் பட்டியலைக் காட்டி, "இவங்க போன்ல எல்லாம் அவர் பேசினது போயிருக்கும்மா" என்றேன். அவர் ஒவ்வொரு பெயராக என்னைப் படிக்கச் சொல்லிக் கேட்டார். முகம் கொஞ்சம் தெளிந்தது. "அப்ப ஊர் மேல போயிக்கீறாரு சார். இந்த வூட்ல இல்ல, அவ்ளோதான்."

எடுக்காத நம்பர்

எனக்கும் அப்படி ஒரு நம்பர் உண்டு. அது இருக்கட்டும். பெருநகர் ஆசீர்வாதம் தன் மனைவியின் நம்பருக்கு இருபத்தெட்டு நாளுக்கு ஒருமுறை வந்து ரீசார்ஜ் செய்வார். மனைவி மேரி இறந்து மூன்று வருஷம். சிம்மைப் போனிலிருந்து எடுத்து பைபிளுக்குள் வைத்திருந்தார். ஆனால் தினமும் கழனியிலிருந்து அந்த நம்பருக்கு ஒரு தரம் அடிப்பார். தொடர்பு எல்லைக்கு வெளியே என்று சொல்லும். வைத்துவிடுவார்.

ஆசீர்வாதம் கால் முறிந்து ஆறு மாதம் மகள் வீட்டில் கிடந்தார். ரீசார்ஜ் விட்டுப்போயிற்று. என்னிடம் ஒரு வார்த்தை சொல்லி அனுப்பியிருந்தால் போட்டிருப்பேன். தேதி என் நோட்டில் இருந்தது. சொல்லாமல் போடுவது அவர் வீட்டுக்குள் நுழைவது மாதிரி என்று நானாக இருந்துவிட்டேன். திரும்பி வந்து அடித்துப் பார்த்தால் மணி அடித்திருக்கிறது. எங்கோ வெளியூர்ப் பெண் ஒருவர் எடுத்து, மரியாதையாக, "ராங் நம்பருங்கய்யா" என்றிருக்கிறார். ஊன்றுகோலோடு நேரே கடைக்கு வந்துவிட்டார். அந்த நம்பரைத் திரும்ப வாங்க முடியாது என்று நான் சொல்வதற்கு முன்பே, முடியாதென்று அவருக்குத் தெரிந்திருந்தது. "இத்தினி வருஷம் யாரும் எடுக்காத வரிக்கும், அவதான் எடுக்கலன்னு இருந்தேன் சார். இப்ப எடுத்துட்டாங்க."

முப்பத்தொரு அழைப்பு

ஆசீர்வாதம் போன பிறகு அன்றே, நோட்டில் எழுதி வைத்திருந்த குரூப் பட்டியலில் முதல் அழைப்பைச் செய்தேன். இனியும் நானாக இருந்துவிடக் கூடாது என்று தோன்றிவிட்டது. தெரியாத ஆட்களோடு பேசுவதென்றால் எனக்கு உள்ளங்கை வேர்க்கும். அதனால் பேச வேண்டியதை ஒரு தாளில் எழுதிக்கொண்டேன்: "நான் உத்திரமேரூர் செல்போன் கடை. டிராக்டர் ஏழுமலை பேசி அனுப்பியது ஏதாவது உங்கள் போனில் இருக்கிறதா? அவர் மனைவி கேட்கிறார்." ஒரு நாளைக்கு மூன்று பேர், காலையில் கூட்டம் வருவதற்கு முன். இருந்தால் சரி, இல்லாவிட்டால் பெருக்கல் குறி.

பெருக்கல் குறிதான் ஏறிக்கொண்டே போயிற்று. "குட்மார்னிங் படமா வந்து ரொம்பிக்கிச்சி சார், மொத்தமா அழிச்சிட்டேன்." "அந்தப் போனு கெணத்துல உழுந்துடுச்சி." "ரொம்ப நல்லவன் சார், தெனம் பேசுவான், அழகா பேசுவான். இல்லியே, போன மாசம்தான் எடம் பத்தலன்னு தூக்கினேன்." ஏழுமலை ஓட்டிய டிராக்டரின் சொந்தக்காரர் மட்டும் தயங்கித் தயங்கிச் சொன்னார்: செத்தவன் குரலை வீட்டில் வைத்திருந்தால் அவன் சாந்தியடைய மாட்டான் என்று வீட்டில் சொன்னார்களாம், பதினாறாம் நாள் குளித்துவிட்டு வந்து, கும்பிட்டு அழித்தாராம். பதினோராவது நாளில் முப்பது குறி ஆயிற்று. முப்பத்தொன்றாவது நம்பர் எடுக்காமல் துண்டித்துக்கொண்டே இருந்தது. பெயர் தண்டபாணி, கழனிக்காரர். அவர் எங்கே இருப்பார் என்று டிராக்டர் சொந்தக்காரரையே திரும்பக் கூப்பிட்டுக் கேட்டேன். அவர் சிரித்துவிட்டார். "அந்தாள உடு சார். ஏழுமலைக்கும் அந்தாளுக்கும் பேச்சுவார்த்தையே கெடையாது. ஸ்டேஷன் வரிக்கும் போன கேஸு அது."

சாட்சிக்கு வைத்தது

இரண்டு வாரம் கழித்து நெல் மூட்டை போட வந்த ஒருவர், கண்ணாடி கீறிய போனை மேசைமேல் வைத்துவிட்டு, "ஆனதும் இந்த நம்பருக்குச் சொல்லு" என்று வீட்டு நம்பரையும் தன் நம்பரையும் சொன்னார். தன் நம்பர் என்று அவர் சொன்னதை எழுதும்போதே எனக்குக் கை நின்றுவிட்டது. இருபத்திரண்டு முறை அடித்துத் துண்டிக்கப்பட்ட நம்பர். தாளில் எழுதியிருந்ததை அவர் முகத்தைப் பார்க்காமல் அப்படியே படித்தேன். தண்டபாணி மேசைமேல் இருந்த போனை ஒரு விரலால் தன் பக்கம் நகர்த்தினார். "கீது," என்றார். "ஒண்ணுதான் கீது. உழுவும்போது என் வரப்ப வெட்டிட்டான்னு டீக்கடையில சொன்னேன். அது அவன் காதுக்குப் போயி, ராவா எனக்கு அனுப்பினான். கொன்னுடுவேன்னு சொல்லிக்கீறான்யா. சாட்சிக்கு வேணும்னு பத்திரம் பண்ணி வச்சேன். சமாதானமாப் போங்கன்னு அனுப்பிட்டாங்க. நாங்கதான் போகல." போனைத் திரும்ப எடுத்துக்கொள்ளப் போனார். பிறகு வைத்தார். "அத்த அந்தப் பொண்ணு கேக்கக் கூடாது சார். என் தாயெல்லாம் இஸ்துக்கீறான்."

கேட்பதா வேண்டாமா என்று சொல்ல வேண்டியது அந்த அம்மாள் என்றேன். என் வாழ்க்கையில் ஒரு வாடிக்கையாளரை நான் எதிர்த்துப் பேசியது அந்த ஒருமுறைதான். சொல்லி அனுப்பினேன்; செவ்வாய்க்கிழமை கஸ்தூரி வந்தார். தண்டபாணியும் வந்து பெஞ்சின் கோடியில், தன்னை ஸ்டேஷனுக்குக் கூட்டி வந்த மாதிரி உட்கார்ந்துகொண்டார். நான் வழக்கப்படி நாற்காலியைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டேன்; பிறர் வீட்டுப் பேச்சை முகம் பார்த்துக் கேட்கக் கூடாது. மொத்தம் முப்பத்தெட்டு விநாடி.

"டேய் தண்டபாணி, வரப்பு வெட்டனது நானாடா? கண்ணு பொடனியிலயா கீது உனுக்கு?" என்று ஆரம்பித்தது. மேற்கொண்டு எழுதுவதற்கில்லை. முப்பது விநாடி வரைக்கும் மூச்சு விடாமல் போயிற்று. அதற்குப் பின்னால் எங்கோ பாத்திரம் வைக்கிற சத்தம், ஒரு பெண் குரல்: "யோவ், சோறு ஆறுது, அந்தப் போன வையேன்." ஏழுமலையின் குரல் சட்டென்று இறங்கிற்று. வாயைப் போனிலிருந்து திருப்பிக்கொண்டு சொல்கிறார் என்று தெரிந்தது. "தோ வந்துட்டன் கஸ்தூரி. நீ போட்டுக்கினு துன்னு. பசியோட ஒக்காந்துக்கினு இருக்காத." மறுபடி இந்தப் பக்கம் திரும்பி "டேய்" என்றதும் நின்றுவிட்டது.

கஸ்தூரி சிரித்தார். பிறகு சிரிக்கவில்லை. எனக்குப் பின்னால் அது ஏழு முறை ஓடியது, எண்ணினேன். இரண்டாவது முறை ஓடும்போதே தண்டபாணி எழுந்து வெளியே போகிற செருப்புச் சத்தம் கேட்டது; நான் திரும்பியபோது பஸ் வரும் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார். நான் அதைக் கஸ்தூரி கொண்டு வந்திருந்த ஏழுமலையின் போனில் ஒன்று, மெமரி கார்டில் ஒன்று, என் கடைக் கம்ப்யூட்டரில் ஒன்று என்று மூன்று இடத்தில் ஏற்றி, மூன்றையும் ஓட்டிப் பார்த்து, பதினேழாம் எண்ணுக்கு எதிரில் குறித்தேன். வாசலில் நின்ற தண்டபாணியைக் கூப்பிட்டு, "அண்ணா, அழிச்சிடாதீங்க, உங்களாண்டயும் ஒண்ணு இருக்கட்டும்" என்றார் கஸ்தூரி. அவர் தலையை மட்டும் ஆட்டினார். போனை முந்தானையில் முடிந்துகொண்டு எழுந்தவர், படியில் நின்று, என்னிடம்தான் என்றில்லாமல் சொன்னார்: "அன்னிக்கு நான் துன்னல சார். கூப்புட்டா பதிலே இல்லியே, சண்டைதானே பெருசாப் பூடுச்சின்னு கோச்சிக்கினு, சோத்த மூடி வச்சிட்டுப் படுத்துட்டேன். அவரு இவ்ளோ நைசா சொல்லிக்கீறாரு, எனுக்குக் காதுலயே உழல."

ஆகவே அன்பர்களே, பின்னால் உங்கள் குரல் மிஞ்ச வேண்டுமென்றால் ஒரே ஒருவரிடமாவது உருப்படியாகச் சண்டை போட்டு வையுங்கள். அன்பாகப் பேசியதையெல்லாம் இடம் போதவில்லை என்று முப்பது பேரும் அழித்துவிடுகிறார்கள்.